டகோமாவுக்கு எந்த டிரெய்லர்? கதவோர ஸ்டிக்கரிலிருந்து தொடங்குங்கள்

“டகோமா பிக்கப் 6,500 பவுண்டு இழுக்கும். இந்த டிரெய்லர் 5,000 பவுண்டுதான். தாராளமாகப் போகலாம்.” டிராவல் டிரெய்லர், அதாவது வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் சக்கர வீடு, பார்க்கப் போகிறவர்கள் டீலரிடம் இந்தப் பேச்சைக் கேட்காமல் திரும்புவது அபூர்வம். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடுத்தர அளவு பிக்கப் வைத்திருக்கும் குடும்பங்கள் பல, இந்த ஒரு வரிக் கணக்கை நம்பித்தான் கையெழுத்துப் போடுகின்றன. கணக்கு தப்பு என்பது முதல் மலை ஏற்றத்திலோ, பக்கத்தில் ஒரு பெரிய லாரி கடந்து போகும்போதோதான் தெரியவரும். அந்த நேரத்தில் பின் சீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள். அதனால் இந்த விஷயத்தை வாங்குவதற்கு முன்பே உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும், மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை.

நடுத்தர அளவு பிக்கப் என்று இங்கே சொல்வது டொயோட்டா டகோமா, ஃபோர்டு ரேஞ்சர், ஷெவர்லே கொலராடோ, நிசான் ஃபிரான்டியர், ஜீப் கிளாடியேட்டர், ஹோண்டா ரிட்ஜ்லைன் போன்றவற்றை. விளம்பரத்தில் போடும் இழுவைத் திறன் ரிட்ஜ்லைனுக்கு 5,000 பவுண்டு. கொலராடோவும் கிளாடியேட்டரும் சரியான பேக்கேஜோடு வந்தால் 7,700 பவுண்டு வரை போகும். இந்த எண்களில் பொய் இல்லை. எந்த நிலையில் அளந்தார்கள் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

அமெரிக்காவில் இதற்கு, வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. வகுத்த ஜே2807 என்று ஒரு சோதனை முறை இருக்கிறது. அதன் புகழ்பெற்ற பகுதி அரிசோனாவில் புல்ஹெட் சிட்டி பக்கத்திலிருந்து ஏறும் டேவிஸ் டாம் மலைச்சாலை. 11.4 மைல் தூரம், வெளியே 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில், ஏ.சி. முழுதாக ஓட வேண்டும், வேகம் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்கக் கூடாது. கடுமையான சோதனைதான். ஆனால் பிக்கப்பில் ஓட்டுநரும் இன்னொருவரும் மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்கிறார்கள், ஆளுக்கு 150 பவுண்டு. அது போக கூடுதல் சாமான் என்று கணக்கில் வருவது மிகச் சொற்பம். பின் சீட்டில் பிள்ளைகள் கிடையாது, பெட்டில் (பிக்கப்பின் பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி) ஐஸ் பெட்டி கிடையாது, அதன் மேல் கூரை போல மூடும் கேனப்பி கிடையாது. இழுவைத் திறன் என்பது கிட்டத்தட்ட காலி வண்டியின் எண். அப்படி யார் கேம்பிங் போகிறார்கள்?

உண்மையில் முட்டும் இடம்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவுத் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். டயர் காற்றழுத்தம் போட்டிருக்கும் அதே ஸ்டிக்கர்தான். அதில் ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று ஒரு எண் இருக்கும். அதுதான் உங்கள் வண்டியின் பேலோட். நடுத்தர பிக்கப்களில் இது பெரும்பாலும் 1,000-லிருந்து 1,700 பவுண்டுக்குள் இருக்கும். ஒரே பெயரில் வரும் இரண்டு வண்டிகளுக்கே நூற்றுக்கணக்கான பவுண்டு வித்தியாசம் வரலாம். மலையிலும் மணலிலும் ஓட்டுவதற்கென்று வரும் ஆஃப்ரோடு ரகங்களில் பொதுவாகக் குறைவாக இருக்கும். அதனால் இணையத்தில் பார்த்த எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள், உங்கள் வண்டியின் கதவைத் திறந்து பாருங்கள்.

டிரெய்லரைப் பின்னால்தானே இழுக்கிறோம், அதற்கும் பேலோடுக்கும் என்ன சம்பந்தம்? டிரெய்லரின் எடை முழுவதும் அதன் சக்கரங்களில் உட்காருவதில்லை. ஒரு பங்கு முன்பக்க முக்கோணச் சட்டம் வழியாக உங்கள் பிக்கப்பின் ஹிட்ச் மேல், அதாவது டிரெய்லரை மாட்டும் கொக்கி மேல், இறங்குகிறது. இதைத்தான் டங் வெயிட் என்கிறார்கள். மாட்டுவண்டியில் பாரம் ஏற்றுகிறவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு: முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்தை அழுத்தும், பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடியே மேலே தூக்கும். டிரெய்லரிலும் அதே கதைதான். முன்பாரம் குறைந்தால் டிரெய்லர் சாலையில் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். அதனால் ஏற்றி முடித்த டிரெய்லரின் மொத்த எடையில் 10-லிருந்து 15 சதவீதம் டங் வெயிட்டாக இருக்க வேண்டும் என்பது பரவலான விதி. நான் கணக்குப் போடும்போது 13 சதவீதம் என்று வைத்துக்கொள்வேன். 10 சதவீதத்தில் திட்டமிட்டால் தப்பிக்க இடமே இருக்காது.

இந்த டங் வெயிட் முழுவதும் பேலோடில் சேரும். ஆள், சாமான், டங் வெயிட் மூன்றும் ஒரே பையிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

சரி, ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்டிக்கரில் 1,150 பவுண்டு. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 450. மீதி 700. பெட்டில் ஐஸ் போட்ட கூலர், மடக்கு நாற்காலிகள், கருவிப் பை, ஒரு சிறிய ஜெனரேட்டர் எல்லாம் சேர்த்து 130. மீதி 570. எடையைப் பகிரும் ஹிட்ச் ஒன்று வேண்டியிருக்கும், அதுவே ஒரு 80 பவுண்டு. மீதி 490. இந்த 490 பவுண்டுதான் டங் வெயிட்டுக்கு நம்மிடம் இருப்பது. 490-ஐ 0.13-ஆல் வகுத்தால் சுமார் 3,770 பவுண்டு. எல்லாம் ஏற்றி முடித்த பிறகு டிரெய்லர் இருக்க வேண்டிய எடை அது.

6,500 என்று தொடங்கிய பேச்சு 3,770-இல் வந்து நிற்கிறது. வண்டி மாறவில்லை, எஞ்சின் மாறவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். இதே குடும்பம் பெட்டின் மேல் 170 பவுண்டு எடையுள்ள கேனப்பி ஒன்றைப் பொருத்தியிருந்தால் மீதி 320 தான். டிரெய்லர் 2,460 பவுண்டுக்கு இறங்கிவிடும். பெட்டில் ஏற்றும் ஒவ்வொரு பவுண்டும் டிரெய்லரில் ஏழெட்டுப் பவுண்டைத் தின்றுவிடுகிறது. ஸ்டீல் பம்பர், பெட்டில் இழுப்பறை, பெரிய டயர் என்று ஆசை ஆசையாகச் சேர்த்தவர்கள் டிரெய்லர் வாங்கும்போது தவிப்பது இதனால்தான்.

ஹிட்ச்சுக்கும் தனியாக ஒரு வரம்பு உண்டு. பம்பருக்குக் கீழே, ஹிட்ச் ரிசீவரில் ஒரு சிறிய ஸ்டிக்கர் இருக்கும், குனிந்து பார்க்க வேண்டும். நடுத்தர பிக்கப்களில் பெரும்பாலும் இழுவைத் திறனில் 10 சதவீதம்தான் டங் வெயிட்டுக்கு அனுமதி. 6,500 பவுண்டு என்றால் 650. அதை 0.13-ஆல் வகுத்தால் 5,000 பவுண்டு. அதாவது ஓட்டுநர் தனியாளாகப் போனால்கூட அந்த வண்டிக்கு 5,000 பவுண்டுக்கு மேல் டிரெய்லர் பொருந்தாது. இது போக வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்கு ஜி.சி.டபிள்யூ.ஆர். என்றும், பின் அச்சுக்கு ஜி.ஏ.டபிள்யூ.ஆர். என்றும் வரம்புகள் உண்டு. எது முதலில் முட்டுகிறதோ அதுதான் உங்கள் வரம்பு. நடுத்தர பிக்கப்பில் குடும்பத்தோடு போகும்போது, பத்துக்கு ஒன்பது தடவை முதலில் முட்டுவது பேலோட்தான்.

டிரெய்லரின் எடை என்று எதைச் சொல்கிறார்கள்

விற்பனைத் தாளில் பெரிதாகப் போட்டிருப்பது டிரை வெயிட். தண்ணீர் இல்லை, கேஸ் இல்லை, பேட்டரி பெரும்பாலும் இல்லை, சில சமயம் ஆப்ஷனாக வாங்கிய ஏ.சி.யும் கூடாரத் திரையும்கூட அதில் சேர்ந்திருக்காது. அப்படி ஒரு எடையில் அந்த டிரெய்லர் ஒருநாளும் சாலையில் ஓடப் போவதில்லை. டங் வெயிட் என்று அந்தத் தாளில் இருப்பதும் இதே காலி நிலைக்கான எண்தான்.

ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு. 30 கேலன் டேங்கை நிரப்பினால் 250 பவுண்டு. சமையலுக்கும் ஹீட்டருக்கும் வைக்கும் 20 பவுண்டு புரொபேன் சிலிண்டர், உருளையோடு சேர்த்து நிரம்பிய நிலையில் ஏறக்குறைய 37 பவுண்டு. இரண்டு சிலிண்டரும் பேட்டரியும் டிரெய்லரின் மூக்கிலேயே உட்காருவதால் அந்த எடை பெரும்பாலும் நேராக டங் வெயிட்டில் சேரும். அப்புறம் நம் வீட்டுச் சாமான்: குக்கர், தோசைக்கல், அரிசி, மாவு டப்பா, போர்வை, நாலு பேரின் துணி, மிதிவண்டி. ஒரு குடும்பத்துக்கு டிரை வெயிட்டுக்கு மேல் 700-லிருந்து 1,000 பவுண்டு வரை ஏறும் என்று வைத்துக்கொண்டால் ஏமாற மாட்டீர்கள்.

டீலர் காட்டிய அந்த 5,000 பவுண்டு டிரெய்லர், 900 ஏறியதும் 5,900. அதன் 13 சதவீதம் 767 பவுண்டு. நம் குடும்பத்திடம் இருப்பது 490. ஹிட்ச்சின் வரம்பு 650. இரண்டையும் தாண்டிவிட்டது.

குழப்பம் வேண்டாம் என்றால் டிரை வெயிட்டை மறந்துவிட்டு ஜி.வி.டபிள்யூ.ஆர். எண்ணைப் பாருங்கள். டிரெய்லர் அதிகபட்சம் எவ்வளவு எடை வரை போகலாம் என்று தயாரித்தவரே வரையறுத்தது அது. டிரெய்லரின் ஓட்டுநர் பக்க முன்மூலையில் வெளிப்புறமாக ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கிடைக்கும். உங்கள் கணக்கில் வந்த எண் 3,770 என்றால், ஜி.வி.டபிள்யூ.ஆர். அதற்குள் இருக்கும் டிரெய்லர்களை மட்டும் பாருங்கள். சிலர் இதை அளவுக்கு மீறிய எச்சரிக்கை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டிரெய்லரில் அலமாரி இருந்தால் நிரம்பும், அதுதான் குடும்பங்களின் வழக்கம்.

அதே நேரம் டிரெய்லரின் கதவருகே இருக்கும் இன்னொரு மஞ்சள் ஸ்டிக்கரையும் படியுங்கள். சாமான் எவ்வளவு ஏற்றலாம் என்று அதில் இருக்கும். எடை குறைவு என்று மகிழ்ந்து வாங்கிய டிரெய்லரில் 500 பவுண்டு மட்டுமே ஏற்ற முடியும் என்றால், தண்ணீர் நிரப்பிய பிறகு துணிமணிக்கே இடம் போதாது.

காற்று

எடை சரியாக இருந்தும் வண்டி திணறினால் காரணம் காற்று. பெரும்பாலான டிராவல் டிரெய்லர்கள் ஏழரை, எட்டு அடி அகலமும், மேலே ஏ.சி.யோடு பத்தடி உயரமும் கொண்ட செங்குத்தான சுவர்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 55 மைல் வேகத்திலிருந்து 65-க்குப் போனால் அந்த எதிர்ப்பு ஏறக்குறைய 40 சதவீதம் கூடும். தனியாக ஓடும்போது கேலனுக்கு 20 மைல் தந்த பிக்கப், பின்னால் இப்படி ஒரு பெட்டியைக் கட்டினால் 10, 11-க்கு வந்துவிடுவது சர்வ சாதாரணம். பெட்ரோல் டேங்க் சிறியது என்பதால், ஆளில்லாத நெடுஞ்சாலைகளில் அடுத்த பெட்ரோல் நிலையம் எங்கே என்று பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கும்.

ஃபோர்டு தன் டோயிங் வழிகாட்டியில் டிரெய்லரின் முகப்புப் பரப்புக்கு சதுர அடியில் ஒரு உச்சவரம்பே தருகிறது. உங்கள் வண்டியின் கையேட்டிலும் அப்படி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே எடையுள்ள இரண்டு டிரெய்லர்களில் எதை எடுப்பது என்று தடுமாறினால், உயரமும் அகலமும் குறைந்ததை எடுங்கள்.

மலைப்பகுதிகளுக்குப் போகிறவர்கள் உயரத்தையும் யோசிக்க வேண்டும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். டென்வரிலிருந்து ஐ-70 சாலையில் மேற்கே போனால் ஐசனோவர் சுரங்கம் 11,000 அடிக்கும் மேலே இருக்கிறது. கடல் மட்டத்தில் இருந்த சக்தியில் மூன்றில் ஒரு பங்கு அங்கே இருக்காது. டர்போ எஞ்சின்களுக்கு இந்த இழப்பு குறைவு.

அப்படியானால் எதை வாங்குவது

3,500 பவுண்டு ஜி.வி.டபிள்யூ.ஆர். சுற்றுவட்டாரத்தில் நல்ல டிரெய்லர்கள் நிறைய இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தவை முட்டை வடிவ ஃபைபர்கிளாஸ் டிரெய்லர்கள். 1968-இல் கனடாவின் வினிபெக்கில் போலர் என்ற பெயரில் தொடங்கிய வகை இது. இன்று மினசோட்டாவில் ஸ்கேம்ப், டெக்சஸில் கசீட்டா இரண்டும் அதே பாணியில் செய்கின்றன. இரண்டு பாதிகளாக வார்த்து ஒட்டுவதால் கூரையில் தையல் குறைவு, ஒழுகுவதும் குறைவு. மூலைகள் வளைந்திருப்பதால் காற்றை நன்றாகக் கிழிக்கும். கசீட்டாவின் 17 அடி டிரெய்லருக்கு ஜி.வி.டபிள்யூ.ஆர். 3,500 பவுண்டு. ஆனால் அதற்கு மூக்கு கொஞ்சம் கனம், டங் வெயிட் 400-ஐத் தாண்டுவது வழக்கம். நம் கணக்கின் 490-க்குள் அடங்கும், இடைவெளி பெரிதில்லை. நான்கு பேர் உள்ளே படுக்கலாம்தான், மழை நாளில் நெருக்கமாக இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இடம் வேண்டும் என்றால் பாப்-அப் வகையைப் பாருங்கள். ஓடும்போது இடுப்பு உயரத்துக்கு மடங்கியிருக்கும், போய்ச் சேர்ந்ததும் மேலே தூக்கி இரு பக்கமும் படுக்கையை இழுத்துவிடலாம். காற்றுத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை, பின்னால் வரும் வண்டியும் கண்ணாடியில் தெரியும். கேன்வாஸ் ஈரமானால் வீட்டுக்கு வந்து விரித்துக் காயவைக்க வேண்டும், அது ஒன்றுதான் வேலை. கணவன் மனைவி இருவர் மட்டும் என்றால் கண்ணீர்த்துளி வடிவத்தில் வரும் சின்ன டியர்டிராப் டிரெய்லர் போதும்.

இருபது அடிக்கு மேல், இரட்டை அச்சு, சுவர் வெளியே நகரும் ஸ்லைடுஅவுட், தனிப் படுக்கையறை, பங்க் படுக்கை என்று போனால் அது பெரிய பிக்கப்புக்கான டிரெய்லர். மனசு அதில்தான் நிற்கிறது என்றால் வண்டியை மாற்றுவது நேர்மையான வழி. பின்னால் கூடுதல் ஸ்பிரிங்கோ ஏர்பேகோ போட்டால் வண்டி தாழ்வது குறையும், ஆனால் கதவோர ஸ்டிக்கரில் உள்ள எண் ஒரு பவுண்டுகூட ஏறாது.

இழுப்பதற்கு வேண்டியவை

டிரெய்லரின் எடை பின்பக்கம் இறங்கும்போது பிக்கப்பின் மூக்கு லேசாகத் தூக்கும். முன் டயரின் பிடி குறையும், ஹெட்லைட் எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும். எடையைப் பகிரும் ஹிட்ச், இரண்டு ஸ்பிரிங் கம்பிகளின் நெம்பு விசையால் அந்த எடையில் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் தள்ளிவிடும். ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் வசதியும் பல மாடல்களில் உண்டு. எந்த எடைக்கு மேல் இது கட்டாயம், இது கூடாதென்று ஏதாவது சொல்லியிருக்கிறார்களா என்பதை உங்கள் வண்டியின் கையேட்டில் பாருங்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

பிரேக் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 3,000 பவுண்டுக்கு மேல் டிரெய்லருக்குத் தனி பிரேக் இருக்க வேண்டும் என்பது பல மாநிலங்களின் சட்டம். கலிபோர்னியாவில் 1,500 பவுண்டிலேயே வந்துவிடும். அந்த பிரேக்கை இயக்க பிக்கப்பில் பிரேக் கண்ட்ரோலரும் ஏழு முனை மின் இணைப்பும் வேண்டும். நாலு முனை இணைப்பு விளக்கை மட்டும்தான் எரிய வைக்கும். பழைய பிக்கப் வாங்குகிறவர்கள் பின் பம்பரில் எது இருக்கிறது என்று முதலில் பாருங்கள், இழுவைக்கான டோ பேக்கேஜோடு வந்த வண்டியா இல்லையா என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

எடை மேடை

கணக்கு எல்லாம் காகிதத்தில் போட்டது. உண்மையைச் சொல்வது நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்களில் இருக்கும் கேட் ஸ்கேல். பெரிய லாரிகளுக்கான மேடைதான், நமக்கும் அனுமதி உண்டு, கட்டணமும் அதிகமில்லை. மேடையில் தனித்தனியாக மூன்று தட்டுகள். பிக்கப்பின் முன் சக்கரம் முதல் தட்டில், பின் சக்கரம் இரண்டாவதில், டிரெய்லர் சக்கரம் மூன்றாவதில் நிற்க வேண்டும். குடும்பம் வண்டிக்குள் இருக்கட்டும், தண்ணீரும் சாமானும் பயணத்தில் இருப்பது போலவே இருக்கட்டும். ஸ்பிரிங் கம்பிகளை மட்டும் கழற்றிவிடுங்கள்.

சீட்டில் முன் அச்சு 2,500, பின் அச்சு 3,100, டிரெய்லர் அச்சு 3,280 என்று வந்தது என்று வையுங்கள். பிக்கப் மேல் இருப்பது 5,600. டிரெய்லரை ஓரமாக நிறுத்திவிட்டு பிக்கப்பை மட்டும் மறுபடி ஏற்றினால் 5,120. வித்தியாசம் 480, அதுதான் உண்மையான டங் வெயிட். 3,280-உடன் 480-ஐக் கூட்டினால் டிரெய்லரின் மொத்த எடை 3,760. சதவீதம் 12.8. பிக்கப்பின் ஜி.வி.டபிள்யூ.ஆர். 5,600 என்றால் விளிம்பில் நிற்கிறீர்கள், கூலரை டிரெய்லருக்குள், அதன் அச்சுக்குப் பக்கத்தில் மாற்றி வையுங்கள். டங் வெயிட் 10 சதவீதத்துக்குக் கீழே வந்தால் கனமான சாமான்களை டிரெய்லரின் அச்சுக்கு முன்னால் நகர்த்துங்கள். பின் பம்பரில் மிதிவண்டி மாட்டும் பழக்கம் இருந்தால் முதலில் அதை எடுங்கள்: கடைக்கோடியில் தொங்கும் நூறு பவுண்டு மூக்கை எளிதாகத் தூக்கிவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒருநாள் பக்கக்காற்றில் டிரெய்லர் ஆடலாம். அப்போது பிரேக்கை மிதிக்க வேண்டும் என்றுதான் கால் துடிக்கும், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்கக் கை போகும். இரண்டும் ஆட்டத்தைக் கூட்டும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், பிரேக் கண்ட்ரோலரில் கையால் இயக்கும் நெம்புகோலை மெதுவாக அழுத்துங்கள். டிரெய்லரின் பிரேக் மட்டும் பிடித்து, பின்னாலிருந்து இழுத்து நேராக்கும். அந்த நெம்புகோல் எங்கே இருக்கிறது என்பதை, பார்க்காமலே கை போகும் அளவுக்கு, காலி மைதானத்தில் சில முறை பழகிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் இன்னொருவரும் ஓட்டுவார் என்றால் அவரும் பழகட்டும்.